நாலாயிரத்திலிருந்து மூவாயிரம்

13 ஏப்ரல் 2025, ஞாயிறு. கிள்ளான்.

பினாங்கிலிருந்து மதியம் வந்து சேர்ந்தோம். மகள் ஹுமைராவுக்கு நாலாவது மாதம். வாந்தி நின்றுவிட்டது, முகத்தில் பழைய களை திரும்பியிருக்கிறது. மாப்பிள்ளை அன்சார் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி அடுக்குவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அங்கே ஒரு குறையும் இல்லை.

குறை என் காரில்தான். 1972-ஆம் வருஷத்து எம்ஜி. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, கரும்பச்சை. டோல் சாவடியில் பக்கத்து வண்டிக்காரன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாமல் போனதில்லை. ஆனால் நாலே கியர். ஹைவேயில் நூற்றுப்பத்தைத் தொட்டால் எஞ்சின் கிட்டத்தட்ட நாலாயிரம் சுற்றில் நின்று கதறுகிறது. இன்னொரு கியர் போடேன், இன்னொரு கியர் போடேன் என்று கெஞ்சுகிற மாதிரி. என் கையும் தானாகவே கியர் கம்பிக்குப் போய்விடும். போடுவதற்கு கியர் கிடையாது.

தாப்பாவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரைக்கும் மனைவி மஜீதா ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும், "ரொம்ப சந்தோஷங்க. இப்பவே அக்காவுக்கு போன் பண்றேன்" என்றாள்.

என்ன சந்தோஷம்? எந்த அக்கா?

பக்குவமாக விசாரித்ததில் தெரிய வந்தது: நாகூரிலிருந்து அவள் அக்கா வந்து மே மாதம் முழுக்க எங்கள் மாடி அறையில் தங்குவதற்கு நான் ஹைவேயிலேயே சம்மதம் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவை கேட்டாளாம். இரண்டு தடவையும் "தாராளமா" என்றேனாம்.

இந்த நாலாயிரத்தை இறக்கியே ஆக வேண்டும்.

16 ஏப்ரல், புதன்

துணிக்கடையைப் புஷ்பவல்லியிடம் விட்டுவிட்டு மேருவுக்குப் போனேன். ஜெயராஜின் ஒர்க்‌ஷாப். பள்ளியில் நானும் அவனும் ஒரே பெஞ்ச். அவன் லோரி, வேன், எது வந்தாலும் பிரிப்பான். என் எம்ஜியைப் பிரிக்கும்போது மட்டும் பெருநாள் சட்டை போட்ட பிள்ளை மாதிரி ஆகிவிடுவான்.

"மூணு வழி இருக்குடா கௌஸ். டயரைப் பெருசாக்கு. இல்லாட்டி பின் ஆக்ஸில்ல பல்லை மாத்து. இல்லாட்டி அஞ்சு கியர் பாக்ஸ் போடு."

"எது சுலபம்?"

"டயர்லா."

"எது சரி?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா போட்டுப் பாப்போம்."

வீட்டில் சொன்னேன். மஜீதா கறிவேப்பிலை உருவிக்கொண்டே, "மைவி கார் சும்மாத்தானே நிக்குது? அதுல போனா முடிஞ்சுபோச்சு" என்றாள்.

மைவியில் போனால் எல்லாமே முடிந்துபோகும். அவளுக்கு அது புரியாது.

27 ஏப்ரல், ஞாயிறு

பெரிய டயர் போட்டாயிற்று. சக்கரம் பெரிதானால் அதே தூரத்துக்கு எஞ்சின் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் போதும். கணக்கு சரிதான். ஷா ஆலம் வரை ஓட்டிப் பார்த்தேன். முள் ஒரு நூல் இறங்கியது. ஒரே ஒரு நூல்.

ஆனால் ரவுண்டபௌட்டில் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசுகிறது. பக்கத்தில் மஜீதா. "யாரோ கத்தி தீட்டுறாங்க" என்றாள். பெருந்தன்மையாக வேறெதுவும் சொல்லவில்லை. சிரிப்பை மட்டும் துப்பட்டாவுக்குள் விட்டாள்.

28 ஏப்ரல்

டயரைக் கழற்றியாச்சு. இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

6 மே, செவ்வாய்

அக்கா வந்துவிட்டார்கள். மாடியில் அவர்கள் பேசுவது கீழே குளியலறையில் இருக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. என் காதில் கோளாறு என்று மஜீதா அடிக்கடி சொல்கிறாளே, இதற்கு என்ன சொல்வாளாம்?

9 மே, வெள்ளி

ஜும்ஆவுக்கு முன்னால் கடையில் நல்ல கூட்டம். செராஸிலிருந்து வந்த ஓர் அம்மா ஏதோ கேட்டார். நான் மேல்தட்டிலிருந்து காஞ்சிபுரம் கட்டு முழுவதையும் இறக்கி, ஒவ்வொன்றாக விரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டி, பட்டின் எடையைப் பற்றி ஒரு சொற்பொழிவே செய்துவிட்டேன். அந்த அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

புஷ்பவல்லி வந்து காதோரமாக, "பாஸ், அவங்க கேட்டது பட்டு இல்ல. பச்சை. பச்சைல காட்டன் வாயில் துணி இருக்கான்னு கேட்டாங்க" என்றாள்.

மஸ்ஜித் இந்தியா சாலையில் இப்போது ஒலிபெருக்கி வைக்காத கடை ஏது? எதிர்க்கடையில் 'மூரா மூரா, மலிவு மலிவு' என்று நாள் முழுக்க ஒருவன் கத்துகிறான். அதற்குமேல் எங்கள் ஏர்கண்டிஷன் வேறு உறுமுகிறது. இத்தனை சத்தத்தில் பச்சை என்ன, பட்டு என்ன.

ஏர்கண்டிஷன்காரனை வரச் சொல்லியிருக்கிறேன்.

1 ஜூன், ஞாயிறு

இரண்டாவது வழியும் பார்த்தாயிற்று. பின் ஆக்ஸிலில் பல் சக்கரத்தை மாற்றினால் எல்லா கியரும் நீளமாகிவிடும். எஞ்சின் நிதானமாகச் சுற்ற, வண்டி வேகமாக ஓடும். ஜெயராஜ் எங்கேயோ தேடி ஒரு செட்டைக் கொண்டுவந்து நேற்று மாட்டினான். இன்று காலை நாங்கள் இருவர் மட்டும் காராக் ஹைவேயில் கிளம்பினோம்.

கோம்பாக் வரை சொர்க்கம். முள் மூவாயிரத்தில் படுத்துக் கிடந்தது. ஜெயராஜ் டாஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தான்.

கெந்திங் செம்பா ஏற்றம் வந்தது. நாலாவது கியரில் வண்டி மூச்சு வாங்கியது. மூன்றாவது போட்டேன், அப்போதும் தவழ்ந்தது. முதலில் ஒரு வேன் தாண்டிப் போனது. பிறகு ஒரு பஸ். பிறகு, வாழ்க்கையில் மறக்க மாட்டேன், கோழிக் கூண்டு ஏற்றிய ஒரு லோரி. கோழிகள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டு போயின.

"இது சரியான வழி இல்லை போல" என்றான் ஜெயராஜ்.

இறங்கி வரும்போது இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

15 ஜூன், ஞாயிறு

பின் ஆக்ஸிலில் பழைய பல்லையே மாட்டியாயிற்று. முடிவு செய்துவிட்டேன். ஐந்து கியர். காப்பாரில் ஜப்பான் வண்டிகளைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து உதிரியாக விற்கிற ஒரு யார்டு இருக்கிறது. இன்று போனோம். பாதி பாதியாக நிற்கிற கார்களுக்கு நடுவே நடப்பது ஒரு தினுசாக இருந்தது. ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் கியர்பாக்ஸ் கிடைத்தது. ஜெயராஜ் உள்ளே விரலை விட்டுத் தடவி, எண்ணெயை முகர்ந்து பார்த்து, "இதுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கலாம்" என்றான்.

அதை என் எஞ்சினோடு இணைக்க ஒரு கூடு வேண்டும். இங்கிலாந்தில் ஒருவர் செய்து தருகிறார். சொல்லியாகிவிட்டது.

அக்கா நாகூருக்குப் போய்விட்டார்கள். வீடு அமைதி. கொஞ்சம் கூடுதலாகவே அமைதி. மஜீதா கூப்பிட்டால்கூட சில சமயம் தெரியவில்லை. சமையலறையிலிருந்து கூப்பிடுகிறாள், நடுவில் சுவர் இருக்கிறது அல்லவா.

13 ஜூலை, ஞாயிறு

எம்ஜி மேருவில் கிடக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக வெளியே வந்து சங்கிலியில் தொங்குகின்றன. பார்க்கச் சகிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மைவியில் பினாங்கு போய் வந்தோம். மஜீதாதான் ஓட்டினாள். நான் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டேன். அவள் பேசியது பாதிதான் விழுந்தது. முன்னால் பார்த்துக்கொண்டு பேசினால் பின்னால் எப்படிக் கேட்கும்? ரேடியோ வேறு. இந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் தகரம் மெல்லிசு.

ஹுமைரா வயிறு நன்றாகத் தெரிகிறது. என் கையை எடுத்து வைத்து, "உதைக்குது பாருங்க அத்தா" என்றாள். உதைத்தது. நல்ல உதை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று எழுதாமல் என்று எழுதுவது!

காலையில் ஜெயராஜ் போன் பண்ணினான். "வா" என்றான். அவ்வளவுதான். மேருவுக்குப் பறந்தேன். எம்ஜி தரையில் நான்கு காலில் நிற்கிறது. கியர் கம்பி பழைய இடத்திலேயே, ஒரு விரற்கடைகூட விலகாமல். முதல் கியர், இரண்டு, மூன்று, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுகின்றன. பழைய பாக்ஸில் இரண்டாவது கியருக்கு ஒரு சின்னப் பிரார்த்தனை வேண்டியிருக்கும். இப்போது அது இல்லை.

தனியாகத்தான் எடுத்துக்கொண்டு போனேன். ஜெயராஜ் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். முதல் தடவை தனியாகப் போக வேண்டும். வடக்கு ஹைவேயில் ஏறினேன். நாலாவது கியர். எஞ்சின் பழையபடி கதற ஆரம்பித்தது. இன்னொரு கியர் போடேன், இன்னொரு கியர் போடேன்.

போட்டேன்.

முள் இறங்கியது. இறங்கி, இறங்கி, மூவாயிரத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. வண்டி அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. கதறல் போய் ஒரு முணுமுணுப்பு. இத்தனை வருஷமாக ஓடி ஓடிக் களைத்தவனை உட்காரச் சொன்ன மாதிரி. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஸ்டியரிங் அதிராமல் கையில் இருந்தது. ரவாங் தாண்டி, சுங்கை பூலோவுக்குத் திரும்ப மனமில்லாமல், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

ஒரே ஒரு விஷயம். ஸ்பீட் மீட்டர் நூறு காட்டியது. நான் எல்லோரையும் தாண்டிக்கொண்டிருந்தேன். மலேசிய ஹைவேயில் நூறில் போய் யாரையாவது தாண்ட முடியுமா? போனில் பார்த்தால் நூற்றிருபத்தெட்டு! புது பாக்ஸுக்கும் பழைய மீட்டருக்கும் பேச்சுவார்த்தை ஒத்துவரவில்லை. ஜெயராஜ் சரி செய்துவிடுவான்.

அடுத்த வாரம் மஜீதாவோடு பினாங்கு. அவள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். முழுவதும் கேட்பேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

என்ன எழுதுவது.

நேற்றுக் காலை கிளம்பினோம். ஸ்பீட் மீட்டர் சரியாகிவிட்டது. ஐந்தாவது கியர். மூவாயிரம். "எப்படி?" என்று கேட்டேன். மஜீதா உதடு விரியச் சிரித்து, தலையை ஆட்டினாள். பேச ஆரம்பித்தாள்.

எஞ்சின் முணுமுணுக்கிறது, கேட்கிறது. ரோட்டில் டயர் ஓடுவது கேட்கிறது. லோரி தாண்டும்போது அதன் உறுமல் கேட்கிறது. அவள் குரல் - குரல் இருக்கிறது, வார்த்தை இல்லை. தண்ணீருக்கு அடியில் யாரோ பேசுகிற மாதிரி. ஜன்னலை இறுக்க ஏற்றினேன். வேகத்தைத் தொண்ணூறுக்குக் குறைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பழக்கதோஷம். "ஆமா" என்றேன். "அதானே" என்றேன். ஒரு இடத்தில் "சரியாச் சொன்னே" என்றுகூடச் சொன்னேன்.

தாப்பா ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் நிறுத்தினோம். தே தாரேக் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் என் முகத்துக்கு நேராக வந்து கேட்டாள்.

"வழியில நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. வண்டிதான் இப்ப அமைதியா இருக்கே."

"சிலிம் ரிவர் தாண்டி நான் என்ன சொன்னேன்?"

"ஹுமைரா விஷயம்தானே..."

"ஒண்ணுமே சொல்லலைங்க. சத்தமே போடாம வாயை மட்டும் அசைச்சேன். நீங்க 'சரியாச் சொன்னே'ன்னீங்க."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. புருஷனைச் சோதனை பண்றதா? அதுவும் வண்டி புதுசா வந்த அன்னிக்கா? கோபத்தில் தேயை நெஞ்சு சுட ஒரே மடக்கில் குடித்தேன்.

இப்ப நினைச்சா கோபம் அவ மேல இல்ல. நாலாயிரம் இருந்த வரைக்கும் என்கிட்ட ஒரு பதில் இருந்துச்சு. அதை நானே ஆசை ஆசையா கழட்டிப் போட்டுட்டேன்.

18 ஆகஸ்ட்

கடைக்குப் போனேன். வந்தேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஜெயராஜிடம் போய், தரைக்கும் கதவுக்கும் சத்தம் அடக்கும் ரப்பர் ஷீட் ஒட்டச் சொன்னேன். "ஒட்டிடலாம்" என்றான் உற்சாகமாக. எதைச் சொன்னாலும் ஒட்டிவிடுவான்.

ஒட்டியாயிற்று. கதவைச் சாத்தினால் பெட்டி மூடுகிற மாதிரி ஒரு கனம். மஜீதாவை உட்காரச் சொல்லவில்லை. பயமாக இருந்தது.

11 செப்டம்பர், வியாழன். பினாங்கு.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் கடை திறந்ததும் ஹுமைரா என் போனுக்குக் கூப்பிட்டாள். மஜீதா குர்ஆன் வகுப்பில் இருந்தாள். அவள் போன் ஓசையில்லாமல் இருந்திருக்கிறது. ஹுமைரா வேகமாகப் பேசினாள். எனக்கு "அத்தா" விழுந்தது. "அன்சார்" விழுந்தது. "போறேன்" விழுந்தது. எங்கேயோ வெளியில் போகிறாள் என்று நினைத்தேன். "சரிம்மா. மெதுவா போயிட்டு வா, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

என் பிள்ளைக்குப் பனிக்குடம் உடைஞ்சிருக்கு. நாள் வர்றதுக்கு முன்னாடியே. அன்சார் பட்டர்வொர்த்துல மாட்டிக்கிட்டான், பாலம் ஜாம், தனியா கிராப் டாக்ஸி பிடிச்சு ஹாஸ்பிட்டல் போறேன், உம்மாகிட்ட உடனே சொல்லுங்க, பயமா இருக்குன்னு சொல்லியிருக்கா. நான் அவசரமில்லன்னிருக்கேன். அவசரமில்லையாம்!

மஜீதாவுக்கு அன்சார் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் பதினொரு மணி தாண்டிவிட்டது. கடைக்கு வந்தாள். என்னைத் திட்டவில்லை. "வண்டியை எடுங்க" என்றாள். கடைக்கு நான் எம்ஜியில்தான் வந்திருந்தேன்.

வழி முழுக்க அவள் உதட்டில் துஆ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் மூவாயிரத்தில் சாதுவாக ஓடியது. அது நாலாயிரத்தில் கத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அஸர் தொழுகை நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் பாலத்தில் இருக்கும்போதே பிறந்துவிட்டாள். பெண். தாயும் பிள்ளையும் சுகம். நாள் முந்தினாலும் எடை நன்றாக இருக்கிறதாம். அன்சாரே நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

பாங்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளை பிள்ளையை என் கையில் கொடுத்தான். வலது காதருகே குனிந்து சொன்னேன். அவ்வளவு சின்னக் காது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஹுமைராவிடம், "காலையில எனக்குக் கேக்கலைம்மா" என்றேன். ஐந்து மாதமாக மஜீதாவிடம் சொல்லாததை அங்கே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும் அத்தா" என்றாள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

13 செப்டம்பர், சனி

சிரித்துவிட்டேன். இன்று சிரித்துவிட்டேன்.

காலையில் ஒரு நர்ஸ் சின்ன மெஷினோடு வந்தாள். பிறந்த எல்லாப் பிள்ளைக்கும் காது பார்ப்பார்களாம். பஞ்சு மாதிரி ஒரு மூடியை அந்தக் காதுக்குள் வைத்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தது. மெஷினில் பச்சை விளக்கு. அடுத்த காது. மறுபடியும் பச்சை.

"ஓகே லா, ரெண்டு காதும் பாஸ்" என்றாள் நர்ஸ்.

மஜீதா கூரையைப் பார்த்தாள். அன்சார் போனைப் பார்த்தான். ஹுமைராதான் மெதுவாக, என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தாள்: "அத்தா. காது பாக்க அவ கொஞ்சமும் முரண்டு பிடிக்கல."

நான் நர்ஸைக் கேட்டேன்: "சிஸ்டர், அந்த மூடி பெரிய சைஸ்ல இருக்கா?"

மஜீதாதான் முதலில் வெடித்தாள். பிறகு எல்லோரும். பிள்ளை விழித்து அழுதது. அந்த அழுகை எனக்கு நன்றாகவே கேட்டது.

ஷைமா என்று பெயர் வைக்கிறார்கள்.

25 செப்டம்பர், வியாழன்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு காது கிளினிக். பரிசோதனை செய்யும் பெண்ணின் பெயர் நிலானி. யாழ்ப்பாணத்துக் குடும்பமாம், தாத்தா காலத்திலிருந்தே இந்த வட்டாரம்தானாம். என்னைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும்.

முதலில் நன்றாக அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். மெஷின் நின்றுபோய்விட்டது என்று நினைத்துக் கண்ணாடியைத் தட்டினேன். "ஓடுதா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே மஜீதா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நிலானி ஒரு கோட்டைக் காட்டினாள். இடப்பக்கம் மேட்டில் போகிறது. வலப்பக்கம் வரவர மலையிறக்கம். "அங்கிள், தடிமனான சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாவே கேக்குது. எஞ்சின், லோரி, இடி. மெல்லிசான சத்தம்தான் போயிருக்கு. ச, த, ஃப, இதெல்லாம் அங்கதான் இருக்கு. அதான் குரல் வருது, வார்த்தை வரல."

"என் காராலயா?"

"வயசுதான் முக்காவாசி. காரும் கொஞ்சம் உதவி பண்ணியிருக்கும்."

இங்கே மஜீதா கேட்டாள், ரொம்ப நாள் அடக்கிவைத்த கேள்வி: "அப்ப நாலு மாசமா அந்தக் கியர்பாக்ஸுக்கு அலைஞ்சதெல்லாம் வீணா?"

"இல்ல ஆன்டி. காதுல மெஷின் போட்டாலும் பின்னால பெரிய இரைச்சல் இருந்தா பேச்சைப் பிரிச்சு எடுக்கறது கஷ்டம். கார் அமைதியானது ரொம்ப நல்லது. அது இல்லாட்டி காருக்குள்ள மெஷின் பாதிப் பிரயோஜனம்தான்."

மஜீதாவைத் திரும்பிப் பார்த்தேன். என்ன பார்வை பார்த்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

"ரொம்ப ஆடாதீங்க" என்றாள்.

4 அக்டோபர், சனி

மெஷின் போட்டாயிற்று. காதுக்குப் பின்னால் ஒரு புளியங்கொட்டை அளவு. முதல் அரைமணி நேரம் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பிளாஸ்டிக் பை ஒரு இடி. என் செருப்பே என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. பழகிவிடும் என்றாள் நிலானி.

நேரே கடைக்குப் போனேன். புஷ்பவல்லி ஒரு பாட்டியம்மாவுக்கு வாயில் துணி அளந்துகொண்டிருந்தாள். கத்தரியால் ஓரத்தில் சிறிதாக வெட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள்.

அந்தச் சத்தம்!

முப்பத்தைந்து வருஷமாகத் துணிக்கடை. துணி கிழிகிற சத்தம் எப்போது நின்றுபோனது என்று எனக்குத் தெரியவே இல்லை. நின்ற நாளில் கவனிக்கவில்லை. இன்னொரு தடவை கிழிக்கச் சொன்னேன். "யாருக்கு பாஸ்?" என்றாள். "எனக்கு" என்றேன். அரை மீட்டர் வெள்ளை வாயிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மஜீதா இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டாள். தெரியவில்லை.

1 நவம்பர், சனி. பினாங்கு.

கிள்ளானிலிருந்து பினாங்கு வரை பேசிக்கொண்டே வந்தோம்.

இல்லை, உண்மையை எழுதுகிறேன். ரவாங் வரை பேசினோம். அதற்குப் பிறகு சண்டை.

டிசம்பரில் ஹுமைரா வேலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளையை யாரிடமும் விட அவளுக்கு மனமில்லை. மஜீதா, "நான் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கேன்" என்றாள்.

"எத்தனை நாள்?"

"நோன்புக்கு முன்னாடி வந்துடுறேன்."

"அது பிப்ரவரிலா! அதுவரைக்கும் நான்?"

"உங்களுக்கென்ன, சோறு ஆக்கத் தெரியாதா? மாப்பிள்ளையைப் பாருங்க."

"மாப்பிள்ளையைப் பத்திப் பேசாதே. கடையில கல்லாவை யாரு பாப்பா?"

"புஷ்பவல்லி பாப்பா. இத்தனை நாள் யாரு பாத்தான்னு நெனச்சீங்க?"

தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், தாப்பா என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல. 2019-இல் அவளைக் கேட்காமல் நான் பின்வாசலுக்குக் கம்பிக்கதவு போட்டது வரைக்கும் வந்தது. ஈப்போ சுரங்கப்பாதை ஏற்றத்தில் நாலாவது கியருக்கு இறக்கினேன். அவளும் குரலை ஏற்றினாள். ஒரு வார்த்தை தவறவில்லை. "நான் இத்தனை வருஷம் தனியாத்தாங்க இந்தக் காருக்குள்ள பேசிக்கிட்டு வந்தேன்" என்றாள் ஒரு கட்டத்தில். மெதுவாகத்தான் சொன்னாள்.

அதுவும் கேட்டுவிட்டது.

சுங்கை பேராக் ஆர் அண்ட் ஆரில் நிறுத்தி, அவளுக்குப் பிடித்த வறுத்த வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். "போயி இரு. சனிக்கிழமை சனிக்கிழமை நான் வரேன்" என்றேன்.

"எம்ஜியிலயா?"

"வேற எதுல?"

7 டிசம்பர், ஞாயிறு

நேற்று மஜீதாவைப் பினாங்கில் விட்டேன். இரண்டு பெட்டி, ஒரு குக்கர், தொழுகை விரிப்பு. ஷைமா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். அல்லது என் காதில் இருக்கும் புளியங்கொட்டையைப் பார்த்து.

இன்று காலை தனியாகக் கிளம்பினேன். இடது சீட்டில் ஹுமைரா கொடுத்த ஜாதிக்காய் ஊறுகாய், சீட்பெல்ட் போட்டுக்கொண்டு. ஐந்தாவது கியர், மூவாயிரம். இதற்காகத்தான் ஏப்ரலிலிருந்து அலைந்தேன். இவ்வளவு அமைதி எனக்கு வேண்டியிருக்கவில்லை என்று கம்பார் பக்கத்தில் தெரிந்தது.

தாப்பாவில் தே தாரேக் வாங்கி உட்கார்ந்தபோது அவள் போன். இந்த மெஷினில் போன் நேராகக் காதுக்குள் வந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது.

"எங்க இருக்கீங்க?"

"தாப்பா."

"மெதுவா போங்க. ஃப்ரீசர்ல மீன் குழம்பு இருக்கு, புதன்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க. அப்புறம் அந்தக் கம்பிக்கதவு விஷயம். நீங்க அன்னிக்குச் சொன்னதை நேத்து ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னது தப்பு."

"எது தப்பு?"

"எல்லாமே. ஒவ்வொண்ணா சொல்றேன், கேளுங்க."

தே ஆறிப்போனது. பக்கத்து மேசைக்காரர்கள் வந்து, சாப்பிட்டு, எழுந்து போனார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.